கிரியாட்டினின் ஏறும் முன்பே: தர்மபுரியில் நான் செய்த தீசிஸ்

ஐ.சி.யூ.வில் சேருகிறவர்களில் யாருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் என்று முதல் நாளே சொல்ல முடியுமா? பொது மருத்துவம் எம்.டி. படித்தபோது என் தீசிஸ் இதுதான். நான் வேலை பார்த்தது தர்மபுரியில். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, பி.பி. இறங்கிய நிலையில் வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பென்னாகரம், அரூர் பக்கம் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களை மட்டும் சேர்க்கவில்லை. அந்த விஷம் தானாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அதை அழற்சியின், அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையின், கணக்கில் எழுதுவது சரியல்ல.

சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் ஆன பிறகுதான், அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் நன்றாக ஏறும். முன்பே காட்டும் புதிய பரிசோதனைகள் உண்டு, ஆனால் விலை அதிகம். அதனால் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதத்தையும், நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகை வெள்ளணுக்களின் விகிதத்தையும் எடுத்துக்கொண்டேன். நியூட்ரோஃபில் 85 சதவீதம், லிம்ஃபோசைட் 5 சதவீதம் என்றால் விகிதம் 17. அழற்சி கடுமையானால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும். அதே அழற்சிதான் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் தாக்குகிறது.

எத்திக்ஸ் கமிட்டியில் நிறையக் கேட்டார்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களை என்ன செய்வீர்கள்? ஸ்டீராய்டே நியூட்ரோஃபிலை ஏற்றிவிடும் என்பதால் அவர்களையும், ரத்தப் புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களையும் விலக்கினேன். நினைவில்லாத நோயாளிக்கு யார் சம்மதம் தருவது? வீட்டார் கையெழுத்து, நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்பது. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினால் புரிகிற தமிழில் திரும்பத் திரும்ப எழுதினேன்.

ஒரு அம்மா தன் மகனுக்காகப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, இதுக்குன்னு இன்னும் ரத்தம் எடுப்பீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, காலையில எடுத்த ரத்தத்துலயே பாத்துக்குவோம்" என்றதும் கைநாட்டு வைத்தார். இந்த விகிதத்தை நான் இவ்வளவு நம்பியதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. சிறுநீரகம் திடீரெனப் பழுதானது என்று சொல்ல, கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வரையறைப்படி 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏற வேண்டும், அல்லது 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்காக வேண்டும், அல்லது 6 மணி நேரம் சிறுநீர் குறைய வேண்டும். பழைய அளவு எங்கே கிடைக்கும்? பெரும்பாலானவர்கள் அதற்கு முன் ரத்தப் பரிசோதனையே செய்ததில்லை. அதனால் சிறுநீர் அளவைத்தான் பிடித்துக்கொண்டேன். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். சாதாரண யூரின் பேக்கில் 20, 30 மில்லியைப் பார்த்துச் சொல்ல முடியாது, சிறுநீரைத் துல்லியமாக அளக்கும் யூரோமீட்டர் வேண்டும். ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள் மணிக்கு மணி குனிந்து பார்த்து சார்ட்டில் எழுதியது இல்லாவிட்டால் என் தீசிஸே இல்லை.

விகிதம் அதிகமாக இருந்தவர்களுக்குப் பழுது கூடுதலாக வந்தது. ஆனால் விகிதம் ஏறியும் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இப்போது விகிதம் அதிகமுள்ளவருக்கு சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதும் முன்பும், கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு சி.டி. எடுக்க அனுப்பும் முன்பும் இன்னொரு முறை யோசிக்கிறேன். யூரோமீட்டரை முதல் மணி நேரத்திலேயே மாட்டச் சொல்கிறேன்.