மூன்றாம் வினாவும் நான் படிக்காமல் விட்ட ஒற்றை வரியும்

தமிழ் இலக்கியத் தேர்வில் முதல் முறை தேறவில்லை, இரண்டாம் முறை பி பிளஸ். முடிவு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சென்ற ஆண்டின் எரிச்சல் இன்னும் தீரவில்லை. தாளில் ஆளைக் கவிழ்ப்பது மூன்றாம் வினா: ஒரு சங்கப் பாட்டு, ஒரு திரைப்படம், இரண்டிலும் காதலும் சமூக அடையாளமும் எப்படி வருகின்றன என்று ஒப்பிட வேண்டும்.

சென்ற ஆண்டு வந்தது குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும் யாராகியரோ’. திருமண அழைப்பிதழ்களில் பார்த்துப் பழகிய பாட்டாயிற்றே என்று துள்ளினேன். காதல் குலத்தையும் உறவுமுறையையும் கரைத்துவிடுகிறது என்று ஐந்து பக்கம் எழுதித் தள்ளினேன். பாட்டோடு அச்சிட்டிருந்த கூற்றுக் குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் வரியை, படிக்கவே இல்லை. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அந்த அச்சத்தைக் கண்டு அவன் சொல்வது அது. உன் தந்தைக்கும் என் தந்தைக்கும் என்ன உறவு என்று கேட்டு அதைப் பொருட்டில்லை ஆக்குபவன் ஆண். அவள் வாயே திறக்கவில்லை. செம்மண்ணில் கலந்த மழைநீர் அவளைத் தேற்றச் சொன்னது. நான் அதைத் தத்துவமாக்கி வைத்தேன்.

இந்த ஆண்டு வேலை முடிந்ததும் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம். ஒன்பது மணிக்கு மூடும்வரை ஒரே வேலை: யார் பேசுகிறார், யாரிடம், யார் பேசாமல் இருக்கிறார். கோப்பிக்கடையில் கூடிப் படிப்பவர்கள் படிக்கட்டும், எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே எல்லாருக்கும் கருத்து இருந்தது, பாட்டு யாரிடமும் இல்லை.

படத்துக்கும் இதே கேள்விதான். ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) எழுதினேன். ஷில்பா என்ற திருநங்கையாக வீடு திரும்பும் அப்பாவைத் தயக்கமின்றி ஏற்பவன் சிறுவன். உறவினர், பள்ளி, காவல் நிலையம் என்று மற்றவர்கள் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளே தன்னைப் பற்றிப் பேசும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேடமேற்ற விஜய் சேதுபதி திருநங்கை அல்லர் என்பதையும் சேர்த்தேன். அதுவும் கூற்றுச் சிக்கல்தானே.

இனி நான் விழுந்த குழிகள்:

- சட்டத்தைக் குழப்பாதீர்கள். இங்கே சிங்கப்பூரில், ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ: 1938இல் வந்தது, ஆண்களை மட்டும் குறித்தது, 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது, 2023 ஜனவரி 3 முதல் இல்லை. இந்தியாவின் 377 வேறு. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்ற அங்குள்ள உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6. இந்தியாவில் நடக்கும், இரண்டு பெண்களின் காதலைப் பற்றிய ‘ஃபயர்’ (1996) படத்துக்கு நம் 377ஏ-வை இழுத்தவள் நான்தான்.
- தன்பால் காதலைப் பெருந்திணை (பொருந்தாக் காதல்) என்று முத்திரை குத்தாதீர்கள். தொல்காப்பியர் அங்கே சொல்வது மடலேறுதல் (பனைமடல் குதிரையில் ஏறிக் காதலை ஊரறியச் செய்தல்), இளமை கடந்த காதல், கட்டுமீறிய காமம்.
- அகப்பாட்டின், அதாவது காதலைப் பாடும் சங்கப் பாட்டின், தலைவிக்குப் பெயர் சூட்டாதீர்கள். பெயர் சுட்டுவது அகமரபில் இல்லை. படத்திலோ பெயர், தெரு, வேலை எல்லாம் உண்டு. ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்கலாம்.
- கோட்பாட்டாளர் பெயர்களை அடுக்கவே வேண்டாம். (சிலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. எனக்கில்லை.)

இந்த முறை குறுந்தொகை 40 வரவில்லை. வந்திருக்கலாம்.