இமைத்தால் இமைக்கும்
ராத்திரி தூக்கம் வராமல் வீடியோ மேய்ந்ததில் கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் ‘சர்ஃபேஸ் டென்ஷன்’ என்ற கலைப்படைப்பு மாட்டியது. 1992இல் செய்தது. திரை முழுக்க ஒற்றை மனிதக் கண். ஆள் நகர்ந்தால் கருவிழியும் கூடவே நகர்கிறது. முதல் வளைகுடாப் போரில் கேமராக் கண் வைத்த குண்டுகள் விழுந்த நேரத்தில் பிறந்த யோசனையாம். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அமெரிக்கக் கலைஞர் கோலன் லெவினின் 2007 வேலைகள் வேறு ரகம். ஒன்றில் சின்னதாக ஓர் இயந்திரக் கண், நேருக்கு நேர் பார்க்கிறது. நாம் இமைத்தால் சரியாக ஒரு நொடி கழித்து அதுவும் இமைக்கும். ரொம்ப நேரம் முறைத்தால் கூச்சப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். (நம்மூர் பஸ்ஸில் சிலருக்கு இந்த மரியாதை தெரியாது.)

இன்னொன்று ‘ஐகோட்’. வந்து பார்ப்பவர்களின் கண்களை ஒளிந்திருக்கும் கேமரா பிடித்துக்கொள்கிறது. ஓர் இமைப்பிலிருந்து அடுத்த இமைப்பு வரை ஒரு துண்டு. அந்தத் துண்டுகள்தான் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. வேறு படமே கிடையாது.

கண்ணாடி முன் நின்று நானும் இமைக்காமல் இருந்து பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் தாரை தாரையாகக் கண்ணீர். ‘நடுராத்திரியில் என்னடா அழுகை?’ என்று அம்மா எழுந்து வந்துவிட்டாள்.