குழு முடிவா, தனிநபர் முடிவா: விடையை எங்கே தொடங்குவது?

நிறுவன நடத்தையியல் தாளில் இந்தக் கேள்வி வந்தால் பலர் உடனே நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் நன்மைகளையும் மறுபக்கம் குறைகளையும் நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். குழுவில் தகவல் அதிகம், நேரமும் அதிகம். தனிநபர் விரைவாக முடிவெடுப்பார், பொறுப்பும் அவருடையதே. எல்லா விடைத்தாள்களிலும் இருப்பது இதுதான். படிக்கும்போது எனக்குக் கைகொடுத்தது வேறொரு கேள்வி: எந்தச் சூழலில் எது?

அதற்கு 1973இல் ஆய்வாளர்கள் வ்ரூமும் யெட்டனும் தந்த மாதிரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைவர் தனியாக முடிவெடுப்பதில் தொடங்கி, குழுவே கூடி முடிவுக்கு வருவது வரை அதில் ஐந்து வழிகள் உண்டு. அவற்றின் குறியீடுகளை உருப்போடுவதைவிட, பின்னால் இருக்கும் கேள்விகளைப் புரிந்துகொள்வது மேல். முடிவின் தரம் எவ்வளவு முக்கியம்? தேவையான தகவல் தலைவரிடமே இருக்கிறதா? செயல்படுத்தப்போகிறவர்கள் மனமார ஏற்க வேண்டுமா? ஷிப்ட் நேரத்தை மாற்றும் முடிவில் ஏற்பே பெரிது. தொழிலாளர்களைக் கேட்காமல் எடுத்தால் காகிதத்தில்தான் நிற்கும். தீப்பிடித்த ஆலையில் கூட்டம் போட நேரமில்லை.

குழுச்சிந்தனையை, அதாவது ஒற்றுமை கெடக் கூடாதென்று குழுவினர் மாற்றுக் கருத்தை அடக்கிக்கொள்வதை, எழுதும்போது 1972இல் உளவியலாளர் ஜேனிஸ் தந்த விளக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1961இல் கியூபாமீதான பன்றிகள் விரிகுடாப் படையெடுப்புக்கு அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள் தலையாட்டினார்கள். அது படுதோல்வியில் முடிந்தது. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போதும் மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பலர் அவர்களே. ஆனால் இம்முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கினார், சிறு குழுக்கள் தனித்தனியே மாற்று வழிகளை ஆராய்ந்தன, எதிர்க்கேள்விகள் எழுந்தன, நெருக்கடி போரில்லாமல் தணிந்தது. குழு என்பதே கெட்டதல்ல, அது நடத்தப்படும் விதமே முடிவைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. இந்த இணையை விடையின் நடுவில் வைத்து, நிதானமாக விரித்து எழுதுங்கள்.

குழு என்றாலே எச்சரிக்கையான முடிவுதான் என்றும் எழுதிவிட வேண்டாம். கலந்து பேசிய பிறகு குழுக்கள் கூடுதல் துணிச்சலான முடிவுக்குச் செல்வதை ஆய்வாளர் ஸ்டோனர் 1961இலேயே காட்டினார்.

வல்லுநர்களிடம் தனித்தனியே பல சுற்றுகளில் எழுத்தில் கருத்துக் கேட்கும் டெல்பி முறை, ஒவ்வொருவரும் முதலில் தனியே யோசனைகளை எழுதி, பிறகு வாக்களித்து வரிசைப்படுத்தும் பெயரளவுக் குழு நுட்பம் ஆகியவற்றுக்குத் தலா இரண்டு வரி போதும். மிச்ச நேரத்தை வினாத்தாளில் தரப்பட்ட சூழலுக்குக் கொடுத்து, அங்கே யார் முடிவெடுக்க வேண்டும் என்று துணிந்து ஒரு பக்கம் நின்று எழுதுங்கள்.