அப்பா வருகிறார்

ஜூன் 14
அப்பாவுக்குக் கென்யா வருவதற்கான இ-டிஏ, இணையவழிப் பயண அனுமதி, வந்துவிட்டது. பாஸ்போர்ட் எண்ணை மூன்று முறை ஒத்துப் பார்த்தேன்.

ஜூன் 17
என்னோடு நைரோபியில் மூன்று இரவு, மாசாய் மாரா விலங்குக் காப்பகத்தில் மூன்று. நான்கு, இரண்டு என்று மாற்றினேன். திரும்பவும் மூன்று, மூன்று.
மாராவுக்குள் போக வெளிநாட்டவருக்கு ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து 200. காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். இந்த மாதமே வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான்களின் கூட்டம் இன்னும் எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் செரெங்கெட்டியில்தான் இருக்கும். அவை ஆற்றைக் கடப்பதைப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. இதுவரை என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

ஜூன் 21
மஞ்சள் காய்ச்சல் ஊசி. இந்தியாவிலிருந்து இங்கே வர அதைக் கேட்பதில்லை. திரும்பிப் போய்ச் சென்னையில் இறங்கும்போதுதான் கேட்பார்கள். சான்று இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடலாம். அப்பாவுக்கு 67. வலுக்குறைத்த உயிர்வைரஸ் ஊசி அது. அறுபது தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது, அரிதாக, உள்ளுறுப்புகளையே தாக்கும் என்று படித்தேன். அந்த ‘அரிதாக’வைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மாராவை விட்டுவிட்டு நைரோபியோடு முடித்துக்கொண்டாலும் சான்று கேட்கத்தான் கேட்பார்கள்.

ஜூன் 22
தூங்கவில்லை.

ஜூன் 25
நைரோபி நேஷனல் பார்க்குக்குத் தனியாகப் போய்வந்தேன், ஒத்திகை மாதிரி. 1946 முதல் இருக்கிற பூங்கா, 117 சதுர கிலோமீட்டர், ஊரை ஒட்டியே. ஒரு ஒட்டகச்சிவிங்கி முள்ளுக்கு நடுவே கருநீல நாக்கை விட்டு இலையை மட்டும் உருவித் தின்றது. பின்னால் வானுயரக் கட்டடங்கள். அப்பாவை முதல் நாள் காலை இங்கேதான் கூட்டிவர வேண்டும்.

ஜூன் 30
காலையில் 12 டிகிரி. குன்னூர் உயரத்து ஊர்ப்பா, ஸ்வெட்டர் எடுத்து வாங்க என்றால், “ஆப்பிரிக்காவுல எதுக்கும்மா ஸ்வெட்டர்?” என்கிறார்.

ஜூலை 2
மாராவுக்கு நாரோக் வழியாகக் காரில் போனால் ஐந்தாறு மணி நேரம். அப்பாவின் இடுப்பு தாங்காது. இங்குள்ள வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். அவரோ அந்தப் பழைய சூட்கேஸைத் துடைத்து வைத்திருக்கிறாராம்.

ஜூலை 4
“முறுக்கை கவர்ல போட்டு முடிச்சு போட்டுட்டேம்மா.”
பிளாஸ்டிக் பை இங்கே 2017 முதல் தடைப்பா. டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் வையுங்கள்.

ஜூலை 8
டாக்டர் சரி என்றபிறகு கிண்டியில் ஊசி போட்டாகிவிட்டது. சான்று 10 நாள் கழித்துத்தான் செல்லும். 20ஆம் தேதி விமானம். போதும்.

ஜூலை 11
99.8. தம்பி சாதாரணம் என்கிறான்.

ஜூலை 12
முதல் கூட்டம் மாராவுக்குள் வந்துவிட்டது என்றார் ஓட்டுநர். கரையில் மணிக்கணக்காக நிற்குமாம். ஒன்று பின்வாங்கினால் எல்லாம் பின்வாங்குமாம்.
மாலையில் 100.4. மூன்று முறை அழைத்தேன். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று தம்பியிடம் கேட்டேன். இல்லை என்றான். டார்ச் அடித்துப் பார் என்றேன்.

ஜூலை 13
99. ரசம் சாதம் சாப்பிட்டாராம். வில்சன் டிக்கெட்டுக்கு நாளைக்குள் பணம் கட்டவேண்டும்.