ஏறிய பாவாடை, எரிந்த பாவாடை

போன வாரம் அக்கா மகளுக்கு ஃப்ராக் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அளவெல்லாம் எடுத்துவிட்டு டெய்லர் கேட்டார்: "உள்ளே கேன்கேன் வைக்கணுமாக்கா?" பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைக்கிற அந்த முரட்டு வலைத்துணிக்கு நம் தையல் கடைகளில் பெயரே கேன்கேன்தான். அது பாரிஸில் காலை உயரத் தூக்கி ஆடுகிற ஓர் ஆட்டத்தின் பெயர் என்பது எங்கேயோ படித்த ஞாபகம். வீட்டுக்கு வந்து அதைத் தேடப் போனவள், கேன்கேனை விட்டுவிட்டு பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனத்தின் உடைகளுக்குள் போய் விழுந்து, மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். அதன் பலன்தான் இந்தப் பதிவு.

பாலே என்றதும் நம் கண்ணில் வருவது இடுப்பிலிருந்து தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பாவாடைதானே, ஆனால் ஆரம்பத்தில் அப்படி ஒன்றுமே கிடையாது. 1653இல் பதினான்கு வயது பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சூரியனாக வேடம் போட்டு அரசவையில் ஆடியபோது மேலே தங்கம், தலையில் இறகு, காலில் குதிகால் செருப்பு. அரண்மனைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடைதான், கொஞ்சம் மிகையாக. பெண்கள் தொழில்முறை ஆட்டக்காரிகளாக பாரிஸ் ஓபரா அரங்கில் மேடையேறியதே 1681இல். அவர்களுக்கும் தரை வரை கனமான பாவாடை, இடுப்பில் இரண்டு பக்கமும் கூடை கட்டினாற்போல் வளையம், இறுக்கிய மார்க்கச்சை, முகத்துக்கு முகமூடி, தலைக்குப் பொய்முடி. இதையெல்லாம் சுமந்துகொண்டு குதிக்கவா முடியும்? நளினமாக நடக்கலாம், அவ்வளவுதான்.

ஆண்களோ அப்போதே துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் கால் வெளியே தெரிந்ததால். மரி கமார்கோ என்ற பெண்ணுக்கு அந்தத் துள்ளலெல்லாம் வரும். காற்றில் எழும்பி இரண்டு காலையும் குறுக்கே மாற்றி மாற்றி அடித்துவிட்டு இறங்குவார். ஆனால் பாவாடைக்குள் நடப்பதை யார் பார்ப்பது? 1730ஐ ஒட்டி அவர் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார், செருப்பின் குதிகாலையும் கழற்றினார் என்று சொல்கிறார்கள். சில அங்குலம்தான், அதற்கே ஊர் வாயில் விழுந்தார். அவருக்குப் போட்டியான மரி சாலே இன்னும் துணிச்சல்காரி. 1734இல் லண்டனில், வளையம் இல்லாமல், பொய்முடி இல்லாமல், சொந்தக் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மெல்லிய மஸ்லின் அங்கியில் ஆடினார்.

இந்தக் கதை முழுக்க என் கண்ணில் படுகிற ஒன்று இதுதான்: கால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதெல்லாம் பாவாடை ஒரு படி மேலே போகிறது. ஃபேஷன் மாறியது, ஒழுக்கம் மாறியது என்றெல்லாம் எழுதுகிறார்கள், அதுவும் உண்டுதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தெருவிலேயே பெண்கள் மெல்லிய மஸ்லினுக்கு மாறிவிட்டார்கள், மேடையும் கூடவே மாறியது. ஆனால் தெரு மறுபடி கனமான பாவாடைக்குத் திரும்பிய பிறகும் மேடை திரும்பவில்லை பாருங்கள். காரணம் கால்.

1832 மார்ச் மாதம் பாரிஸ் ஓபராவில் மரி டாக்லியோனி 'லா சில்ஃபீட்' ஆடினார். வனதேவதை வேடம். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் மணி வடிவ வெள்ளைப் பாவாடை, தோளில் சின்னச் சிறகு, நுனிக்காலில் நடை. மேடையில் எண்ணெய் விளக்கு போய் கேஸ் விளக்கு வந்துவிட்ட காலம் அது. அந்த நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி அடுக்கு புகை மாதிரி தெரிந்திருக்கும். அதற்கப்புறம் ஆவி, அன்னம், தேவதை எது என்றாலும் வெள்ளைதான்.

அந்த வெள்ளையும் அந்த விளக்கும் சேர்ந்ததுதான் வினையாகிப் போனது. மெல்லிய பருத்தித் துணி, விரிந்து நிற்பதற்காகப் போட்ட கஞ்சி, பக்கத்தில் திறந்த நெருப்பு. 1844இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரியின் உடை மேடையிலேயே தீப்பிடித்தது, சில நாளில் இறந்தார். பாரிஸில் துணியைப் படிகாரம் போன்ற உப்புகளில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்கிற முறை வந்தது. ஆனால் துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கி மஞ்சளாகும். டாக்லியோனியின் மாணவி எமா லிவ்ரி அதை உடுத்த மாட்டேன், என் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். டாக்லியோனி அந்தப் பெண்ணுக்காக 1860இல் அமைத்த பாலேயின் பெயர் 'வண்ணத்துப்பூச்சி'. கதையில் அந்தப் பூச்சியின் சிறகு தீயில் பொசுங்கும். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடை ஓரத்தில் லிவ்ரி பாவாடையை உதறிவிட்டார், விளக்கின் தீ அதில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் போனார். இருபது வயதுதான். அந்த உடையில் எரியாமல் மிஞ்சிய துண்டுகள் இன்றும் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிடிவாதக்காரி என்று அவரைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. எடையே இல்லாதவள் மாதிரி தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தது அவர் மட்டுமா?

அப்புறம் பாவாடை முழங்காலுக்கு ஏறியது, 1880களில் இத்தாலிக்காரிகள் ரஷ்யாவுக்குப் போனபோது அதற்கும் மேலே. இத்தாலிக்காரி பியரினா லென்யானி ஒற்றைக் காலில் நின்று முப்பத்திரண்டு முறை சாட்டை சுழற்றினாற்போல் சுழன்றாரே, அதை நீளப் பாவாடையில் செய்தால் கால் எங்கே போய் வருகிறது என்றே தெரியாது. இந்தக் குட்டைப் பாவாடைக்கு வந்த டூட்டூ என்ற பெயர்கூட, குழந்தைகள் பின்புறத்தைக் குறிக்கச் சொல்லும் ஒரு பிரெஞ்சு மழலைச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள்.

ஆண்கள் மட்டும் தப்பித்தார்களா என்ன? 1911இல் ரஷ்ய ஆட்டக்காரர் நிஜின்ஸ்கி பீட்டர்ஸ்பர்க்கில் 'ஜிசெல்' பாலே ஆடும்போது, கால்களோடு ஒட்டிய உடைக்கு மேல் வழக்கமாகப் போட வேண்டிய குட்டை டவுசரைப் போடாமல் மேடையேறினார். வேலை போயிற்று. அதற்கு முந்தைய வருடம் பாரிஸில் அதே உடையில்தான் ஆடினார், அங்கே யாரும் வேலையைப் பிடுங்கவில்லை. அதே பாரிஸில் அதே 1910இல் மேடை ஓவியர் லெயோன் பாக்ஸ்ட் 'ஷெஹரஸாட்' பாலேக்கு வரைந்த தொளதொள கால்சட்டையும் ஆரஞ்சும் பச்சையுமான நிறங்களும் பணக்கார வீட்டு விருந்துகளுக்குள் புகுந்தன. அதுவரை தெருவைப் பார்த்து மேடை உடுத்தியது, இப்போது மேடையைப் பார்த்துத் தெரு. உடை வடிவமைப்பாளர் பொயரே மட்டும் இதையெல்லாம் நான் முன்பே செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார். இருக்கலாம்.

தையல் தெரிந்தவர்களுக்குப் பிடித்துப்போகும் ஆள் கரின்ஸ்கா. நியூயார்க்கில் பாலே அமைப்பாளர் பாலன்ஷீனுக்குத் தைத்தவர். தட்டு டூட்டூவுக்குள் ஒரு கம்பி வளையம் இருக்கும். நாற்பது ஐம்பது பேர் மேடையில் நெருங்கி ஆடும்போது ஒன்றோடொன்று இடித்து, எல்லாத் தட்டும் கோணலாக ஆடும். 1950இல் கம்பியைத் தூக்கிப்போட்டுவிட்டு, குட்டையான வலை அடுக்குகளை ஒன்றோடொன்று லேசாகக் கோத்து, பவுடர் பஞ்சு மாதிரி மெத்தென்று தொங்கவிட்டார். அந்தப் பாலன்ஷீனே மறுவருடம் இன்னொரு பாலேக்குப் பாவாடையே வேண்டாம் என்று பயிற்சி உடையில் ஆடவிட்டார். ஏற இனி இடமில்லை!

நம் பக்கத்துக்கும் ஒரு இழை உண்டு. ருக்மிணி தேவியை நாட்டியத்தின் பக்கம் திருப்பியது பாலே நடனமணி அன்னா பாவ்லோவா. அவரைச் சார்ந்த ஒருவரிடம் ருக்மிணி பாலேயும் கற்றார். பிறகு பரதநாட்டியத்துக்குப் புது உடை அமைத்தபோது உதவிக்கு ஓர் இத்தாலியத் தையல்காரப் பெண்மணி இருந்தார். அரைமண்டியில் உட்கார்ந்ததும் விசிறி விரிகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்குக் கமார்கோ ஞாபகம் வரும்.

பாவாடை ஏறி முடிந்துவிட்டது, மிச்சம் இருந்தது ஷூ. நுனிக்கால் ஷூவின் இளஞ்சிவப்பு, வெள்ளைத் தோலோடு சேர்ந்து கால் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கறுப்புத் தோலுக்கு அது கணுக்காலில் வெட்டினாற்போல் தெரியும். அதனால் கறுப்பின ஆட்டக்காரிகள் ஒவ்வொரு ஜோடிக்கும் தாங்களே ஃபவுண்டேஷன் கிரீமைப் பூசி நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இருநூறு வருட நுனிக்கால் ஆட்டத்துக்குப் பிறகு, லண்டன் ஷூ நிறுவனமான ஃப்ரீட் பிரவுன் நிறத்தில் ஷூ போட்டது 2018இல்.

ஃப்ராக் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றிருக்கிறார். கேன்கேன் இரண்டு அடுக்கு சொல்லியிருக்கிறேன்.