அப்பாவின் ஹெரால்டு: வேலை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, ஞாயிறு
பதினோரு வருடமாகத் தார்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளினோம். 1967 மாடல், 948 சிசி. வண்டலூரில் செய்த வண்டி. எங்கள் குரோம்பேட்டையிலிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போனால் வரும் ஊர். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்த முகமும் முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்த வசதி இப்போது எந்த வண்டியில் இருக்கிறது?

கையில் 60,000 ரூபாய். பெயிண்ட்டுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய் கிடையாது. முதலில் வண்டி ஓட வேண்டும், பிரேக் போட்டால் நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 11
இன்ஜின் ஜாம். பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு மூடினேன். செல்ஃப் அடித்துப் பார்க்கச் சொன்னவர்களிடம் முடியாது என்றேன். பிஸ்டன் ரிங் உடைந்தால் என் பட்ஜெட் அன்றோடு காலி.

ஆகஸ்ட் 18
தினமும் வேலை முடிந்து வந்து, இன்ஜினைக் கையால் சுற்ற கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இப்படியும் அப்படியும் மெதுவாக அழுத்தினேன். இன்று நகக்கண் அளவு நகர்ந்தது. அரை மணி நேரத்தில் முழுச் சுற்று. கை நடுங்கியது.

ஆகஸ்ட் 31
புதுப்பேட்டை, பழைய உதிரிபாகக் கடைகள். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளே துருவால் அரித்துப் பள்ளம் பள்ளமாக இருந்தது. கடைக்கார பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “புதுசு தேடி அலையாதீங்க தம்பி, லேத்துல போர் பண்ணி பித்தளை ஸ்லீவ் போட்டுக்கங்க” என்றார். ரப்பர் கிட்டோடு 4,800 ரூபாய். நல்ல யோசனை சொல்லும் கடைக்காரர் கிடைப்பது பாதி வேலை முடிந்த மாதிரி.

செப்டம்பர் 15
கால் மேட்டைத் தூக்கினால், வண்டியின் தரைத் தகட்டில் துரு ஓட்டை, விரல் போகிறது. இந்த வண்டியில் பாடி தனி, அடிச்சட்டமான சேஸி தனி, போல்ட் போட்டு இணைத்தது. அதனால் தைரியமாக வெட்டலாம். சேஸியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் கணீரென்றது, நல்ல இரும்பு; பக்கவாட்டில் நீளும் ஓரக் கைகளில் மட்டும் பொத்தென்றது, துரு. டிங்கரிங் 9,500. மழைக்கு முன்னால் ரெட் ஆக்ஸைடு அடித்தாயிற்று.

அக்டோபர் 6
டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் கேப் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) வைத்தேன். முக்கி முனகியது, பிடிக்கவில்லை. பிளக் வயர்களை, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசைப்படி பார்த்தால் இரண்டு இடம் மாறியிருந்தன. சரி செய்ததும் பிடித்தது, ஒரு நிமிடத்தில் அணைந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வரவில்லை. டேங்க்கில் இரண்டு லிட்டர் ஊற்றியிருந்தேனே!

திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்தார். டிக்கியைத் திறந்து, டேங்க் மேல் இருந்த ரிசர்வ் லீவரைத் திருப்பினார். “இப்ப அடி” என்றார்.




பிடித்தது. தெருமுனை வரை போய், பிரேக் போட்டு, நின்று, திரும்பினோம். ஓட்டியது அப்பா.