பழைய காரை உயர்த்திய பிறகு வந்த நாலு சத்தங்கள்

இருபது வயது தாண்டிய என் காரை 4 செ.மீ. உயர்த்தினேன். முன்பக்கம் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் (உயரத்தைக் கூட்டும் இடைக்கட்டை), பின்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு ஸ்பேசர். அடிப்பாகம் தரையில் உரசுவது நின்றது. ஆனால் அதுவரை இல்லாத நாலு சத்தம் கிளம்பியது. மெதுவாகப் போகும்போது மேடுபள்ளத்தில் முன்னால் ‘டொக் டொக்’. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘டொய்ங்’. வேகத்தடையில் ஏறினால் ‘கிறீச்’. இறங்கினால் பின்னால் ‘டப்’ என்று ஓர் அடி.

முதலில் டிக்கியைக் காலி செய்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் வெளியே. சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களையும் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடையும் ஆட்டிப் பார்த்தேன். இவற்றை ஒதுக்காமல் சஸ்பென்ஷனில் (சக்கரங்களை வண்டியோடு இணைத்துத் தாங்கும் அமைப்பு) கை வைத்தால் நேரம்தான் போகும்.

அப்புறம் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைப் பிடித்து ஆட்டினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டு) தளர்ச்சி தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) தளர்ச்சி தெரியும். இரண்டுமே கெட்டியாக இருந்தன. லோயர் ஆர்முக்கு (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியும் பார்த்தேன், அசையவில்லை. தொங்கும் நிலையில் எல்லாம் ஒழுங்கு, தரையில் நின்றால் சத்தம். இந்த வித்தியாசம்தான் எனக்கு வழி காட்டியது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம், லிங்க் (இணைப்புக் கம்பி), புஷ் (ரப்பர் மூட்டு) எல்லாம் வேறு கோணத்துக்குப் போய்விடுகின்றன. சத்தம் பிறப்பது எடை தாங்கி நிற்கும் கோணத்தில். அதனால் மிச்சச் சோதனைகளை எல்லாம், முடிந்தவரை, நாலு சக்கரமும் எடை தாங்கி நிற்கும்போதே செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

‘டொக் டொக்’ சத்தத்துக்கு எனக்கு முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான். வண்டி வளைவில் அதிகம் சாயாமல் பிடிக்க இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார், அதன் முனையைப் பிடித்திருப்பது இந்த லிங்க். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தம் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் சத்தம். ஸ்டெபிலைசர் பார் முறுக்கு வாங்குவது அப்போதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கிப் பிடித்துவிடும். உள்ளே தளர்ச்சி இருந்தாலும் கைக்குத் தெரியாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்கின் பந்து மூட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டேன். நண்பர் வெளியிலிருந்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினார். இடது பக்கம் விரலிலேயே அடி தெரிந்தது. உறுதி செய்ய இரண்டு லிங்கையும் கழற்றி, பிரேக் ஹோசிலும் டிரைவ் ஷாஃப்டிலும் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) படாதபடி பாரைக் கட்டிவைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். சத்தம் சுத்தமாக இல்லை. ஒரு லிங்கை மட்டும் கழற்றினால் இந்தச் சோதனை முழுமையாகாது. இப்படிக் கழற்றிய வண்டி வளைவில் வழக்கத்தைவிட அதிகம் சாயும், அதனால் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

என் காரில் லிங்கின் மேல்முனை ஸ்ட்ரட்டின் உடம்பில் மாட்டியிருக்கிறது. ஸ்பேசர் போட்டதும் ஸ்ட்ரட் 4 செ.மீ. கீழே இறங்குகிறது, பாரின் முனையும் கூடவே இழுபட்டு இறங்குகிறது, லிங்க் சாய்ந்துவிடுகிறது. வருடக்கணக்காக ஒரே கோணத்தில் தேய்ந்த பந்து புதுக் கோணத்தில் தளர்ச்சியைக் காட்டிவிட்டது. இரண்டு பக்கமும் புது லிங்க் போட்டேன்.

‘டொய்ங்’ சத்தத்தைப் பிடிப்பது சுலபம். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்டின்மேல் (ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் தாங்கி) விரல் நுனியை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால் போதும். அங்கே இருக்கும் பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பும். வலது பக்கம் அப்படித் திரும்பவில்லை. ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டே போய், ஓர் இடத்தில் துள்ளி விடுபட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் துரு. ஸ்பேசர் போட ஸ்ட்ரட்டை இறக்கி ஏற்றியபோது அதுவரை படிந்து கிடந்த துரு கலைந்திருக்க வேண்டும். புதுப் பேரிங் போட்டு, ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பார்த்துப் பூட்டினேன். ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் யாரும் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிரே போகலாம்.

அதிகம் வேலை வாங்கியதும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் ‘கிறீச்’தான். லோயர் ஆர்ம் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழல், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் குழல் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கி முறுக்கி விடுபடுகிறது. போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. என் ஆர்ம் சுமார் 35 செ.மீ. நீளம், 4 செ.மீ. இறக்கம் என்றால் ஏறக்குறைய 6.5 டிகிரி. அதாவது வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுக்கிலேயே இருக்கிறது. 

எந்தப் புஷ் என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் போதும். ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்து, வண்டியின் மூக்கை அமுக்கி அமுக்கிக் கேட்டேன். வலது ஆர்மின் பின்புஷ் நனைந்ததும் சத்தம் அடங்கியது, காய்ந்ததும் திரும்பி வந்தது. இதற்கு எண்ணெய் அடிப்பதை நான் விரும்பவில்லை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். கழற்றியதில் அந்தப் புஷ் ஒரு பக்கம் கிழிந்தே இருந்தது. போல்ட் குழலோடு துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் ராத்திரி முழுக்கத் துரு இளக்கும் திரவத்தில் ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது.

புதுப் புஷ் ஏற்றியபின் எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகிவிட்டு, நாலு சக்கரத்தையும் ஒரே தடிமனான பலகைகளின் மேல் இறக்கினேன். பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வண்டியை நன்றாக அமுக்கி எழுப்பி, அதன் இயல்பான உயரத்துக்கு வரவிட்டேன். அதற்குப் பிறகுதான் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். நல்ல நிலையில் இருந்த இடது பக்கத்தையும் இப்படியே தளர்த்தி இறுக்கினேன். உயர்த்தும் வேலை செய்கிற எல்லோரும் இந்த ஒரு படியைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பார்ட்ஸ் எதுவும் வாங்க வேண்டாம், புது ரப்பர் சீக்கிரம் கிழியாமல் காப்பாற்றும்.

பின்பக்க ‘டப்’புக்குக் காரணம் தேய்மானம் இல்லை, கணக்கு. முன்பக்கம் ஸ்பேசர் ஸ்ட்ரட்டுக்கு மேலே உட்காருவதால் ஸ்ட்ரட்டின் உள் ஓட்டம் மாறவில்லை. பின்பக்கம் அப்படியில்லை. ஸ்பிரிங் உயர்ந்தது, ஷாக் அப்சார்பர் பழையதே. நிற்கும்போதே அது நீண்டுதான் நிற்கிறது. சக்கரம் கீழே விழ முன்பு 9 செ.மீ. இடம் இருந்தது, இப்போது 5. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கும் இழுபட்டு முட்டுகிறது. நீளமான ஷாக் போடலாம். அப்படிச் செய்தால் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவுகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். நான் பின் ஸ்பேசரை மட்டும் 2.5 செ.மீ. ஆக்கிவிட்டேன். வழக்கமான வேகத்தடைகளில் இப்போது ‘டப்’ இல்லை. குறைந்த 1.5 செ.மீ. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகே வீல் அலைன்மெண்டுக்குப் போனேன். உயரம் மாறினால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். புஷ் மாற்றுவதற்கு முன்பே போயிருந்தால் திரும்பவும் போக வேண்டியிருக்கும். கழற்றிய ஒவ்வொரு நட்டின்மேலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். சில நூறு கி.மீ. ஓடிய பிறகு பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். மேட்டில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் நேர்ப்பாதையிலேயே லேசான நடுக்கம். ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ இல்லை, அதனால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்டில் (டிரைவ் ஷாஃப்டின் முனையில் வளைந்து சுழலும் மூட்டு) எனக்குச் சந்தேகம் இல்லை. டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடியதால் உள்பக்க ஜாயிண்ட் சிரமப்படுகிறது என்று நினைக்கிறேன். அடுத்து முன் ஸ்பேசரை 3 செ.மீ. ஆக்கிப் பார்க்கப் போகிறேன். நடுக்கம் குறைந்தால் அந்த உயரத்திலேயே நிறுத்திவிடுவேன். குறையாவிட்டால் ஜாயிண்டைக் கழற்ற வேண்டும்.